பூங்காவில் கிடந்தது எங்கள் வீட்டு மெத்தை: குற்றம் என்மேல் வருமா?

கடிதத்தின் சுருக்கம்

பெயர் வெளியிட விரும்பாத வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். 64 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பின் சங்கச் செயலாளர் அவர். குடியிருப்பின் பின்மதிலுக்கு அந்தப்பக்கம் பொதுப் பூங்கா. மரங்கள் அடர்ந்தது, நடுவில் சிறு குளம். மதில் வளைகிற மூலையில் எப்போதும் ஒரு குப்பைமேடு. கடந்த சில மாதங்களில் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் குடியிருப்புவாசிகள் கூடி அதை அள்ளியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் பத்து நாளுக்குள் மேடு திரும்பிவிட்டது. அங்கே பெரிய குப்பைத்தொட்டி வைக்கலாம் என்கிறார்கள் சிலர். கேமரா மாட்டி, கொட்டுபவர் முகத்தை வாட்ஸ்அப் குழுவில் போடலாம் என்கிறார்கள் வேறு சிலர். சேர்ந்ததைக் கொளுத்திவிடும் அண்டைவீட்டுக்காரர் ஒருவரும் இருக்கிறார்.

நான்காவது முறை அள்ளும்போது வாசகிக்கு ஒரு அதிர்ச்சி. மேட்டின் மேலே கிடந்தது அவர் வீட்டுப் பழைய மெத்தை. மூன்று வாரம் முன்பு, தெருவில் வந்த கைவண்டிக்காரர் ஒருவரிடம் சிறிய தொகை கொடுத்து எடுத்துப் போகச் சொன்னது. யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டார். “சொன்னால் கொட்டியது நான்தான் என்று ஆகிவிடுமா?” என்று கேட்கிறார். கூடவே வேறு கேள்விகளும் உண்டு. அவர் மாமனார் தினமும் வாசலில் கூட்டிய சருகை அதே மூலையில் கொட்டுகிறார், “மண்ணுக்கு உரம்தானே” என்கிறார். இது சரியா? வீட்டில் வைத்த 20 லிட்டர் உரத்தொட்டி நாறிப்போய்ப் புழு வைத்துவிட்டது, ஏன்? ‘மட்கும் பை’ என்று அச்சிட்ட பைகளை நம்பலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் தனித்தனியாகக் கேட்டிருக்கும் இவை எல்லாம் உண்மையில் ஒரே விஷயம். ஒரு மதிலின் இரண்டு பக்கங்களை நீங்கள் வேறுவேறாகப் பார்க்கிறீர்கள். அந்தப்பக்கம் கிடக்கும் மேட்டில் பெரும்பகுதி இந்தப்பக்கத்திலிருந்தோ, இதைப்போன்ற அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தோதான் போயிருக்கும். “வெளியாட்கள் கொட்டுகிறார்கள்” என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மெத்தையும் மாமனாரின் சருகும் வேறு கதை சொல்கின்றன. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த குப்பையை நிறுத்த முடியும், அதற்காகத்தான்.

முதலில் அந்த மெத்தை

மறைக்காதீர்கள். நீங்களே முன்வந்து சொல்வதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் பல இடங்களில் பொதுவான ஒரு கருத்து உண்டு: கழிவை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால் மட்டும் உரியவரின் பொறுப்பு தீர்ந்துவிடாது. எடுத்துப்போகிறவர் அதற்கு அனுமதி பெற்றவரா என்று நியாயமான அளவுக்கு விசாரித்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் இந்தக் கடமை வீட்டுக்காரர்களுக்கும் உண்டு என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே “பணம் கொடுத்துவிட்டேன், இனி எனக்கென்ன” என்ற வாதம் எல்லா இடத்திலும் நிற்காது. அதே சமயம், நம்பிக் கொடுத்து ஏமாந்தவரும் இரவில் வந்து கொட்டியவரும் ஒன்று என்று யாரும் சொல்வதில்லை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை நிரூபிப்பது நீங்கள் வைத்திருக்கும் விவரங்கள்தான்.

இன்றே ஒரு தாளில் எழுதுங்கள்: மெத்தையைக் கொடுத்த தேதி, ஏறக்குறைய எத்தனை மணி, கொடுத்த தொகை, கைபேசியில் பணம் அனுப்பியிருந்தால் அதன் பதிவு, வண்டியின் அடையாளம், அவர் என்ன சொல்லி எடுத்தார், அப்போது உடனிருந்தவர் யார். பிறகு உள்ளாட்சி அலுவலகத்தின் திடக்கழிவுப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். “இந்த மெத்தை எங்களுடையது, இன்ன நாளில் இன்ன விதமாகக் கொடுத்தோம், இங்கே கிடக்கக் கண்டோம்” என்று மூன்று வரி போதும். ஏற்கெனவே உங்கள் பெயருக்கு நோட்டீஸ் ஏதும் வந்திருந்தால் மட்டும், எதையும் எழுதிக் கொடுக்கும் முன் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். வராதவரை காத்திருக்க அவசியமில்லை.

இனிமேல் பெரிய சாமான் எதையும் கொடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பீர்கள்? அதற்கு அனுமதிச் சீட்டு இருக்கிறதா? ரசீது தருவீர்களா? மூன்றுக்கும் மழுப்பலாகப் பதில் வந்தால் கொடுக்காதீர்கள். மெத்தையில் உலோகச் சுருள், நுரை, துணி, பசை எல்லாம் பின்னிக் கிடக்கும். பிரித்தெடுக்க உழைப்பு வேண்டும், எடுத்துக்கொள்ளும் இடத்தில் பெரும்பாலும் கட்டணமும் உண்டு. ஒருவர் மிகக் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்கிறார் என்றால் அந்தக் கட்டணத்தை அவர் எங்கும் கட்டப்போவதில்லை என்றுதான் பொருள். உள்ளாட்சியே பெரிய சாமான்களை முன்பதிவில் எடுக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். எடுக்கிறது என்றால் அந்தத் தகவலை 64 வீட்டுக்கும் அச்சடித்துக் கொடுங்கள்.

முகத்தை வாட்ஸ்அப்பில் போடலாமா?

வேண்டாம். உங்கள் மெத்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் முகவரி ஒட்டிய சீட்டு ஒன்று இருந்து, வேறு யாராவது அதைப் படமெடுத்துக் குழுவில் போட்டிருந்தால்? குப்பைக்குள் கிடைக்கும் முகவரி, அது எந்த வீட்டில் உருவானது என்பதைச் சொல்லும். கொட்டியது யார் என்று சொல்லாது. மங்கலான கேமராப் படம் இன்னும் மோசம். தவறான ஆளின் பெயர் ஒருமுறை பரவிவிட்டால் திரும்பப் பெற முடியாது. அவதூறு, தனியுரிமை வழக்குகள் படம் போட்டவர்மேல் திரும்பும். பொது இடத்தைப் பார்த்து நிரந்தரமாகக் கேமரா வைக்கப் பல ஊர்களில் அனுமதியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். பூங்கா உங்கள் சங்கத்தின் சொத்து அல்ல, ஆகவே கேமரா வேண்டுமென்றால் பூங்காவை நிர்வகிக்கும் துறையிடமே கேளுங்கள்.

அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது, அதிகாரி நடவடிக்கை எடுக்கும் தரத்தில் ஆதாரம் சேர்ப்பது. ஒவ்வொரு புதுக் குவியலுக்கும் மூன்று படம்: மதிலோ மின்கம்பமோ தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து ஒன்று, குவியல் முழுதும் தெரிய ஒன்று, அட்டைப்பெட்டி எழுத்தோ முத்திரையோ தெளிவாகத் தெரிய நெருக்கத்தில் ஒன்று. தேதி, நேரம், ஏறக்குறைய அளவு. வண்டியைக் கண்டிருந்தால் எண், நிறம், எந்தப் பக்கம் போனது. பைகளைப் பிரித்துப் பார்க்காதீர்கள். உள்ளே ஊசி இருக்கலாம்; அதோடு, நீங்கள் கலைத்த பிறகு அது ஆதாரமாக நிற்பதும் கடினம். கொட்டிக்கொண்டிருப்பவரை இரவில் தனியாகப் போய்த் தடுப்பதும் கூடாது.

எதைக் கொட்டுகிறார்கள் என்று தெரியாமல் எதையும் தடுக்க முடியாது

நான்கு முறை அள்ளியும் பயனில்லாமல் போனதற்கு முக்கியக் காரணம் இது. எல்லாவற்றையும் ‘குப்பை’ என்ற ஒரே பெயரில் அள்ளிவிட்டீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். தினமும் ஒரே நேரத்தில், காலை ஏழு மணி என்று வைத்துக்கொள்வோம், யாராவது ஒருவர் போய் நான்கு கட்டத்தில் குறிக்கட்டும்: வீட்டுப் பை, தோட்டக் கழிவு, பெரிய சாமான், கட்டட இடிபாடு. பதினான்கு நாளில் படம் தெளிவாகிவிடும்.

தினமும் ஓரிரு சிறிய பைகள் சேர்கின்றனவா? அது குப்பை வண்டி வரும் நேரத்தில் வீட்டில் இல்லாதவர்களின் பை. வண்டி வேலை நேரத்தில் வந்துபோகும், வீட்டில் நாறும் பையை வைத்திருக்க மனமில்லாமல் மாலை நடைக்குப் போகும்போது மூலையில் வைத்துவிடுவார்கள். இதற்கு மருந்து மிரட்டல் பலகை அல்ல. குடியிருப்புக்குள்ளேயே பூட்டுள்ள, மூடியுள்ள ஒரு சேகரிப்பு இடம், அல்லது வண்டி நேரத்தை மாற்றக் கேட்டு ஒரு மனு. மாதத்தில் ஓரிரு முறை பெரிய குவியலாக வருகிறதா? அது சாமான் எடுப்பவர்கள் அல்லது வீடு புதுப்பிக்கும் வேலை. உங்கள் குடியிருப்பில் இடிப்பு வேலைக்கு அனுமதி கேட்பவர்கள், இடிபாடு எங்கே சேர்ந்தது என்பதற்கான ரசீதையும் சங்கத்தில் கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி சேர்த்துவிடுங்கள். இலையும் கிளையுமாக இருக்கிறதா? அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

மாமனாரின் சருகு

அவர் சொல்வதில் பாதி உண்மை. மரத்தடியில் தானாக உதிரும் சருகு மண்ணுக்கு உரம்தான். ஒரே மூலையில் தினமும் கொட்டிக் குவிக்கும் சருகு அப்படியல்ல. அடியில் இருக்கும் சிறு செடிகள் வெளிச்சமில்லாமல் சாகும். மரத்தின் அடிப்பட்டையை ஒட்டிக் குவியும்போது ஈரம் தங்கிப் பட்டை அழுகும். மழையில் ஊறி வடியும் நீர் குளத்தில் இறங்கினால் அதிலுள்ள சத்து பாசியை வளர்க்கும். பாசி செத்து மட்கும்போது நீரிலுள்ள ஆக்ஸிஜன் குறைந்து மீன் மிதக்கும். வீட்டுத் தோட்டத்தில் வெட்டிய அலங்காரச் செடியின் தண்டும் விதையும் கூடச் சேர்ந்தால், அவற்றில் சில அங்கேயே வேர் பிடித்துப் பரவும். ஆகாயத்தாமரை உலகமெங்கும் நீர்நிலைகளை அடைத்தது அப்படித்தான்; அழகுக்காக வளர்க்கக் கொண்டுபோன செடி அது.

இதையெல்லாம்விடப் பெரிய கேடு ஒன்று உண்டு. அந்தச் சருகுதான் மேட்டின் முதல் அடுக்கு. வெறும் மண்ணில் பையை வைக்கத் தயங்குகிறவர், ஏற்கெனவே ஒரு குவியல் இருந்தால் தயங்க மாட்டார். நெதர்லாந்தின் கிரோனிங்கன் நகரில் நடந்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், சைக்கிள் நிறுத்தும் சந்து ஒன்றில் சைக்கிள்களின் கைப்பிடியில் துண்டுப்பிரசுரம் மாட்டிவைத்துக் கவனித்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் அதைக் கீழே போட்டார்கள். அதே சுவரில் கிறுக்கல் இருந்தபோது 69 சதவீதம். சந்து அதேதான், சுவரின் தோற்றம் மட்டுமே மாறியது.

மாமனாரிடம் இதைப் பாடமாக எடுக்க வேண்டாம். “மாமா, சருகைப் பின்னால கொண்டுபோகாதீங்க, எனக்கு வேணும்” என்று கேளுங்கள். உண்மையிலேயே வேண்டும். உங்கள் உரத்தொட்டி நாறியது அந்தச் சருகு இல்லாததால்தான்.

தொட்டி ஏன் நாறியது

கடிதத்தில் நீங்கள் எழுதியபடி, காய்கறித் தோலும் மிச்சச் சாப்பாடும் மட்டும் போட்டு, மேலே கொஞ்சம் மண் தூவி, மூடியை இறுக்கி வைத்திருக்கிறீர்கள். தவறு மூன்று இடத்தில்.

ஒன்று, உலர்பொருள் இல்லை. மட்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். சமையலறைக் கழிவில் அது 15, 20 என்று குறைவாக இருக்கும். காய்ந்த சருகில் 40-க்கு மேல், அட்டைப்பெட்டியில் 300-க்கும் மேல். ஆகவே ஒரு கிண்ணம் ஈரக்கழிவு போட்டால் குறைந்தது ஒரு கிண்ணம் நொறுக்கிய சருகு, அதிகம் தண்ணீர் விடும் கழிவானால் இரண்டு கிண்ணம். சருகைக் கையால் நொறுக்கிப் போடுங்கள். முழு இலைகள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி, காற்றுப் புகாத தகடாகிவிடும்.

இரண்டு, காற்று இல்லை. தொட்டியின் பக்கங்களில் 8 முதல் 10 மில்லிமீட்டர் துளைகள், நான்கு வரிசை. அடியிலும் துளை, கீழே வடிநீர்த் தட்டு. அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சிறு சுள்ளிகளைப் பரப்புங்கள். மண் தூவுவதை விட்டுவிடுங்கள், அது துளையை அடைக்கிறது. நாற்றமே உங்களுக்கு நோயைச் சொல்லும். அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றுப் போதவில்லை. சருகு சேர்த்துக் கிளறுங்கள். மூக்கில் ஏறும் அம்மோனியா நெடி வந்தால் கார்பன் போதவில்லை. கிழித்த அட்டையைச் சேருங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் பதம் சரி. ஒழுகினால் அதிக ஈரம், உதிர்ந்தால் குறைவு.

மூன்று, அளவு. ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் ஓர் ஆள் வீட்டில் ஆண்டுக்குச் சராசரி 79 கிலோ உணவை வீணாக்குகிறார், தோல் கொட்டை உட்பட. நாளைக்கு 216 கிராம். உங்கள் வீட்டில் ஐந்து பேர், அதாவது ஒரு கிலோவுக்கும் சற்று அதிகம். உலர்பொருளோடு சேர்த்தால் தினமும் நான்கு, ஐந்து லிட்டர். 20 லிட்டர் வாளி ஒரு வாரம் தாங்காது. 60 லிட்டர்த் தொட்டிகள் மூன்று வேண்டும். மட்கும்போது பாதிக்குமேல் சுருங்கிவிடுவதால் ஒன்று நிறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். மூன்றாவது நிறைவதற்குள் முதலாவது எடுக்கும் பதத்துக்கு வந்துவிடும், கறுத்து, உதிரியாக, மழைக்குப் பிந்தைய மண்வாசனையோடு. கிளறுவது வாரத்துக்கு இரண்டு முறை.

புழுவைப் பற்றி. தட்டையாக, பழுப்பு நிறத்தில், கண்டம் கண்டமாக இருந்தால் அது கருப்புப் படைவீரன் ஈயின் புழு. கழிவை வேகமாகத் தின்னும், உங்களுக்குத் தீங்கில்லை. மெல்லிய வெள்ளைப் புழு என்றால் வீட்டு ஈ முட்டையிட்டிருக்கிறது, அதாவது மேலே உணவு திறந்து கிடந்திருக்கிறது. ஒவ்வொரு முறை போட்ட பிறகும் மேலே 3 முதல் 5 சென்டிமீட்டர் சருகு மூடியிருக்க வேண்டும். எண்ணெய் மிகுந்தது, இறைச்சி, எலும்பு இவற்றைச் சிறு தொட்டியில் போடாதீர்கள். சிறு தொட்டி சூடாகாது. கிருமியையும் களைவிதையையும் கொல்லும் 55 டிகிரி சூட்டைத் தாங்கிப் பிடிக்க ஏறத்தாழ ஒரு கனமீட்டர்க் குவியலாவது வேண்டும். அதனால் களைச்செடிகளின் விதைத் தலைகளையும் வீட்டுத்தொட்டியில் போட வேண்டாம்.

‘மட்கும் பை’ பற்றிய கேள்விக்கும் விடை இதே சூட்டில்தான் இருக்கிறது. ஐரோப்பாவின் இ.என். 13432 போன்ற தரச்சான்றுகள் பெரிய உர ஆலையின் சூட்டையும் காற்றோட்டத்தையும் மனதில் வைத்தவை. உங்கள் தொட்டியிலோ பூங்கா மண்ணிலோ அந்தப் பை மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சீக்கிரம் உடைவதற்காக வேதிப்பொருள் சேர்த்த ‘ஆக்சோ’ வகைப் பிளாஸ்டிக் என்றால் மட்காது, பொடிப்பொடியாக உடைந்து மண்ணில் கலக்கும். அந்த வகையை ஐரோப்பிய ஒன்றியம் தடைசெய்துவிட்டது. ஈரக்கழிவுக்குப் பையே வேண்டாம். மூடியுள்ள பாத்திரம், அடியில் ஒரு தாள், போதும்.

இவ்வளவு தூரம் தொட்டியைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் உண்டு. வீட்டுப் பையை அவசரமாக வெளியே தள்ளச் செய்வது அதன் நாற்றம். நாற்றம் தருவது ஈரக்கழிவு மட்டுமே. அது தொட்டிக்குப் போய்விட்டால் மிஞ்சும் காகிதம், அட்டை, பிளாஸ்டிக், கண்ணாடி வண்டி வரும் நாள் வரை வீட்டிலேயே வாடையில்லாமல் காத்திருக்கும். 64 வீட்டுக்கும் சராசரி நான்கு பேர் என்று வைத்தால் உங்கள் குடியிருப்பின் உணவுக்கழிவு மாதம் 1.6 டன்னைத் தாண்டும். இது குப்பைக்கிடங்கில் காற்றில்லாமல் புதைந்தால் மீத்தேனாக வெளியேறும். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 27 மடங்கு புவியைச் சூடாக்கும் வாயு அது.

ஆனாலும் உரமாக்குவது இரண்டாவது படிதான். முதல் படி வீணாக்காமல் இருப்பது. ஒரு வாரத்துக்குத் தராசு ஒன்றை வைத்துத் தோல்-கொட்டை, மிஞ்சிய சமைத்த உணவு, தொடாமலே கெட்டது என்று மூன்றாக நிறுத்துக் குறியுங்கள். மூன்றாவது எண் பல வீடுகளில் திகைக்க வைக்கும். குளிர்பெட்டியில் புதிதாக வாங்கியதைப் பின்னாலும் பழையதை முன்னாலும் வைக்கும் பழக்கம் ஒன்றே அதைக் கணிசமாகக் குறைக்கும். பொட்டலத்தில் ‘இதற்குள் சிறந்தது’ என்று இருப்பது சுவைக்கான தேதி. அது கடந்த மறுநாளே பொருள் நஞ்சாகிவிடாது. ‘இதற்குள் பயன்படுத்துக’ என்பதே பாதுகாப்புக்கான தேதி. அதை மீறக் கூடாது.

பெரிய தொட்டி வைத்தால்?

அந்த மூலையில் வேண்டாம். அது கொட்டும் இடம்தான் என்று நீங்களே முத்திரை குத்தியது போலாகும். சுற்றுவட்டாரத்துப் பைகளெல்லாம் அங்கே வரும், நிறைந்த மறுநாளே பக்கத்தில் அடுக்குவார்கள், நாயும் எலியும் கிழிக்கும். பூங்காவுக்கு வருபவர்களுக்குத் தொட்டி வேண்டியதுதான். அதை வாயிலிலும் இருக்கைகளின் அருகிலும் வையுங்கள். வாய் 15 சென்டிமீட்டர் வட்டமாக இருந்தால் குடிநீர்ப் புட்டி நுழையும், வீட்டுப் பை நுழையாது. மழைநீர் இறங்காத மூடி வேண்டும். தினமும் காலி செய்வதற்கு யார் பொறுப்பு என்பது எழுத்தில் இல்லையென்றால் அந்தத் தொட்டியும் வேண்டாம்.

அள்ளும் நாளன்றே மூலையை மாற்றுங்கள்

ஐந்தாவது முறையாக அள்ளுவதற்கு முன் பூங்கா நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, அன்றே செய்து முடிக்க வேண்டிய மாற்றங்களையும் பேசிவையுங்கள். வெறுமனே அள்ளிவிட்டு வந்தால் அந்த மூலை மறுபடி வசதியான மறைவிடமாகவே இருக்கும். புதர்களை முழங்கால் முதல் இடுப்பளவுக்குள் வெட்டுங்கள், மரங்களின் தாழ்ந்த கிளைகளை ஆள் உயரத்துக்குமேல் நீக்குங்கள். பாதையிலிருந்து மூலை தெரிய வேண்டும். வண்டி நுழையும் இடத்தில் 1.2 மீட்டர் இடைவெளியில் கல்தூண் நட்டால் சக்கர நாற்காலி போகும், கார் போகாது. தீயணைப்பு வண்டிக்காக ஒரு தூண் மட்டும் பூட்டித் திறக்கும் வகையாக இருக்கட்டும். ஆனால் கைவண்டியை இது தடுக்காது. உங்கள் மெத்தை வந்தது கைவண்டியில் என்பதை மறக்க வேண்டாம். அதற்குத் தடுப்பு மனிதர் கண் மட்டுமே: ஒரு இருக்கை, நடைபாதையின் ஒரு வளைவு, தினமும் யாராவது தண்ணீர் ஊற்ற வரும் ஒரு பாத்தி. விளக்கு போடுவதானால் நடைபாதையை மட்டும் நோக்கிக் கீழ்ப்பார்வையாக. குளத்தையும் மரங்களையும் இரவெல்லாம் வெளிச்சத்தில் வைப்பது பூச்சிக்கும் வௌவாலுக்கும் கேடு.

அதன்பிறகு புதிதாக விழும் முதல் பையை 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இரண்டு மாதமாவது இதில் தளரக் கூடாது. படம் எடுத்து, நோட்டில் குறித்து, பிறகு எடுங்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். தடித்த கையுறை, மூடிய காலணி, நீண்ட இடுக்கி. குழந்தைகளைக் குவியலில் இறக்காதீர்கள். ஊசி கிடந்தால் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்துக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில், முக்கால் பங்குக்குமேல் நிரப்பாமல் போடுங்கள். உப்பிய பேட்டரியைப் பையில் போடவே கூடாது, நசுங்கினால் தீப்பிடிக்கும். மணல் நிரப்பிய உலோக டப்பாவில் தனியாக வையுங்கள். பழைய அஸ்பெஸ்டாஸ் ஓட்டுத் துண்டுகளையும் பெயர் தெரியாத பீப்பாய்களையும் தொடாமல், உடைக்காமல், சுற்றிலும் கயிறு கட்டிவிட்டு உள்ளாட்சியை அழையுங்கள். டயர், கிண்ணம், தேங்கிய நீர் எதுவானாலும் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்ட பிறகு ஏழு முதல் பத்து நாளில் கொசுவாகிவிடும்.

கொளுத்தும் அண்டைவீட்டுக்காரரிடம் நேரில் பேசுங்கள். அவர் நல்லது செய்வதாகவே நினைக்கிறார். குறைந்த சூட்டில் எரியும் பி.வி.சி. குழாயும் உறையும் டையாக்சின் என்ற நச்சை உண்டாக்கும், புகை முதலில் நுழைவது மதிலை ஒட்டிய அவருடைய சன்னல்களில்தான். சாம்பலில் மிஞ்சும் ஈயம் போன்ற உலோகங்கள் மழையில் குளத்துக்கு இறங்கும். பூங்காவில் தீ வைப்பது பல ஊர்களில் கொட்டுவதைவிடப் பெரிய குற்றம் என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். அள்ளும் குழுவில் அவரைச் சேர்த்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. தினமும் காலையில் அந்த மூலைக்குப் போகிறவர் அவர்தான், நோட்டையும் அவரே எழுதலாம்.

வரிசை இதுதான்: இன்று மெத்தை விவரத்தை எழுதிவைத்துப் புகார் கொடுங்கள். நாளை முதல் சருகு மாமனாரிடமிருந்து உங்கள் தொட்டிக்கு வரட்டும். இரண்டு வாரம் நோட்டு, அதை வைத்துச் சங்கக் கூட்டம், அதன்பிறகே அள்ளும் நாள். கூட்டத்தில் மெத்தையின் கதையை நீங்களே முதலில் சொல்லுங்கள். தங்கள் வீட்டுப் பழைய கட்டிலையும் உடைத்த சுவரையும் எங்கே அனுப்பினோம் என்று யோசிக்கத் தொடங்குபவர்கள் அந்த அறையில் இன்னும் சிலர் இருப்பார்கள். இரண்டு மாதம் கழித்தும் மேடு திரும்பினால், அந்த நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள்.